காயம் ஆறிய பிறகும் ஆடுசதை இறுக்கிப் பிடிக்கிறதா? இப்படிச் செய்து பாருங்கள்

ஆடுசதை கிழிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. எனக்கும் அதேதான். அப்போது எனக்கு 43 வயது. மாலையில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தேன், நெட்டுக்குப் பக்கத்தில் விழப்போன ஒரு டிராப் ஷாட்டை எடுக்க முன்னால் பாய்ந்தபோது இடது காலில் சுளீர் என்றது, அடுத்த அடி வைக்க முடியவில்லை. நண்பர்கள் இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

அந்த முதல் இரண்டு வாரத்தைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. வலி, வீக்கம், கணுக்கால் வரைக்கும் இறங்கிய ரத்தக்கட்டு, எல்லாம் வந்தது, எல்லாம் போனது. நான் எழுத வந்தது நான்காவது மாதத்தைப் பற்றி. ஸ்கேன் எடுத்ததில் கிழிசல் ஆறிவிட்டது என்றார்கள். ஆனால் காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் பத்து அடி நொண்டித்தான் நடப்பேன். பஸ் படி ஏறும்போது பின்னால் ஒரு கயிறு இழுப்பது போல இருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு எழுந்தால் சதை மரக்கட்டை மாதிரி இறுகியிருக்கும். பார்ப்பவர்கள் எல்லாம் நரம்பு சுருட்டிக்கொண்டது, நல்லா நீவி விடச் சொல்லு என்றார்கள். வாரம் ஒரு முறை போய் எண்ணெய் போட்டு நீவிக்கொண்டேன். இரண்டு நாள் சுகமாக இருக்கும், மூன்றாம் நாள் பழையபடி. இதோடு காலையும் மாலையும் சுவரில் கை வைத்துக் காலைப் பின்னால் நீட்டி இழுக்கும் பயிற்சி வேறு, பத்து வாரம் விடாமல் செய்தேன்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். வயதில் சின்னப் பெண். சதையைத் தொட்டுப் பார்த்தார், கணுக்காலை மடக்கிப் பார்த்தார், பிறகு சுவரில் இரண்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார். நல்ல காலில் 22 முறை முடிந்தது. அடிபட்ட காலில் நான்கு. ஐந்தாவதுக்குக் குதிகால் பாதி உயரம்கூட எழவில்லை. "சார், உங்களுக்கு இறுக்கம் பிரச்சினை இல்லை, பலம்தான் பிரச்சினை. பலம் இல்லாத சதை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இறுக்கிப் பிடிக்கிறது" என்றார். நான்கு மாதமாக யாரும் சொல்லாத விஷயம் அது. நீவுவதும் இழுப்பதும் அந்த இறுக்கத்தோடு சண்டை போடுவதுதானே தவிர, அது ஏன் வந்தது என்பதைத் தொடவே இல்லை.

அவர் சொல்லிக்கொடுத்ததையும், அதன் பிறகு நானே தேடிப் படித்துப் புரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். ஆடுசதையை வைத்துத்தான் சொல்கிறேன், ஆனால் மற்ற தசைகளுக்கும் அடிப்படை இதேதான்.

முதலில் இது வேறு ஏதாவதா என்று பாருங்கள்

பயிற்சிக்குப் போகும் முன் சில விஷயங்களைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். இதில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம்.

ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி, சூடாக, தோல் சிவந்தோ நிறம் மாறியோ, அழுத்தினால் வலியாக இருந்தால் அது நரம்புப் பிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். காலுக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். காயத்துக்குப் பிறகு பல நாள் படுத்தே இருந்தவர்கள், மாவுக்கட்டு போட்டிருந்தவர்கள், அறுவை சிகிச்சை ஆனவர்கள், நீண்ட பயணம் போய் வந்தவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், இவர்களுக்கெல்லாம் இந்த ஆபத்து கூடுதல். அந்தக் காலை நீவி விடவே கூடாது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதற்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள், அன்றைக்கே போங்கள். கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, சுளுக்கு என்று நினைத்துப் பலர் வாரக்கணக்கில் விட்டுவிடும் ஒரு காயம்: குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண் அறுந்து போவது. இதை அக்கிலஸ் நாண் என்பார்கள். குப்புறப் படுத்துக்கொண்டு பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள், வீட்டில் ஒருவரை ஆடுசதையைப் பிடித்து அமுக்கச் சொல்லுங்கள். நாண் நன்றாக இருந்தால் பாதம் தானாக அசையும். அசையவே இல்லை என்றால், அல்லது இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால், எலும்பு மருத்துவரிடம் உடனே போக வேண்டும். இதில் நாள் கடந்தால் சிகிச்சை சிக்கலாகிவிடும்.

இவை தவிர, பாதம் மரத்துப் போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது, காய்ச்சலோடு வலி, தூக்கத்தில் எழுப்பிவிடும் வலி, நாளுக்கு நாள் பெரிதாகும் கட்டி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் மாத்திரைகள். கொலஸ்ட்ராலுக்குச் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரைகள் சிலருக்குத் தசைவலி தரும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின் வகை ஆன்டிபயாடிக்குகள் தசைநாண்களைப் பலவீனப்படுத்தலாம், சில சமயம் அறுந்துபோகும் அளவுக்குக்கூட. தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு இரண்டுமே தசையைச் சோர்வாக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை என்றால் எந்தக் காயமும் மெதுவாகத்தான் ஆறும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், போதும்.

உள்ளே என்னதான் நடக்கிறது

தசை கிழிந்த முதல் சில நாள் அந்த இடத்தில் ரத்தம் கசிந்து வீங்கும், சேதமான நார்களை உடம்பு அப்புறப்படுத்தும். அதன் பிறகு சில வாரங்களுக்கு இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு பக்கம் தசையிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டெம் செல்கள் விழித்துக்கொண்டு புது நார்களை உண்டாக்கும். இன்னொரு பக்கம் கொலாஜன் வந்து இடைவெளியை அடைக்கும், இதுதான் உள்தழும்பு. அந்தக் கொலாஜன் முதலில் தாறுமாறாகத்தான் விழும், மெத்தைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி. அதே பஞ்சு நூலாக முறுக்கினால் எவ்வளவு பலம்! தழும்பு அப்படி ஒரு திசையில் வரிசைப்பட வேண்டுமென்றால் அந்தத் திசையில் அதற்கு இழுப்பு கிடைக்க வேண்டும், அதாவது தசை சுருங்கி விரிந்து எடை தாங்க வேண்டும். கடைசிக் கட்டமான இந்த வரிசைப்படுத்தும் வேலை மாதக்கணக்கில் நடக்கும். ஸ்கேனில் ஆறிவிட்டது என்று வருவதற்கும் தசை பழையபடி வேலை செய்வதற்கும் நடுவில் இருக்கும் தூரம் இதுதான்.

இதோடு ஓய்வு செய்யும் சேதம். பயன்படுத்தாத தசை ஒன்றிரண்டு வாரத்திலேயே இளைக்க ஆரம்பித்துவிடும். இரண்டு ஆடுசதையையும், முழங்கால் சிப்பிக்குக் கீழே அதே அளவு தூரத்தில், தையல் டேப் வைத்து அளந்து பாருங்கள். எனக்கு 2 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது, அதுவரை என் கண்ணில் படவே இல்லை.

மூன்றாவது காரணம் மூளை. ஒரு முறை அடிபட்ட இடத்தை மூளை மறக்காது. அந்தத் தசையால் தாங்க முடியாத வேலை வரும்போதெல்லாம் முன்கூட்டியே இறுக்கிப் பிடிக்கச் சொல்லும். இறுக்கம் என்ற உணர்வும் தசை உண்மையிலேயே குட்டையாகிப் போவதும் ஒன்றல்ல, இதை நான் என் காலிலேயே பார்த்தேன். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரலைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைத்துத் தொட முடிகிறது என்று அளக்க வேண்டும். நல்ல காலில் 10 சென்டிமீட்டர், அடிபட்ட காலில் 9. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. மரக்கட்டை மாதிரி இருந்த கால் நன்றாகவே மடங்கிக்கொண்டிருந்தது! ஆனால் உங்களுக்கு இந்த அளவில் 3, 4 சென்டிமீட்டர் குறைந்தால் உண்மையான இறுக்கம் இருக்கிறது என்று அர்த்தம், அப்போது நீட்டிப் பயிற்சியும் சேர்த்துச் செய்ய வேண்டும். முக்கியமாக மாவுக்கட்டு போட்டிருந்தவர்களுக்கு.

ஓய்வு எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? அடிபட்டால் ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டுதல், காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கு விதியை 1978ல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014ல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றி எழுதினார். 2017ல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு வந்தது. தொடையிலோ ஆடுசதையிலோ தசை கிழிந்த 50 பேர், பொழுதுபோக்காக விளையாடுபவர்கள். ஒரு பாதிக்குக் காயம் பட்ட 2 நாளிலேயே மெதுவான பயிற்சி தொடங்கினார்கள், இன்னொரு பாதிக்கு 9 நாள் கழித்து. பயிற்சி இருவருக்கும் ஒன்றுதான். முதல் கூட்டம் சுமார் 62 நாளில் மீண்டது, இரண்டாவது கூட்டத்துக்கு 83 நாள் ஆனது. ஒரு வாரம் தாமதித்ததற்கு மூன்று வாரம் விலை. நான் பல மாதம் தாமதித்தவன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பயிற்சி

முதலில் உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். செருப்பில்லாமல், சுவரில் விரல் வைத்து, முழங்காலை மடக்காமல், ஒற்றைக் காலில் குதிகாலை முழு உயரம் தூக்கி இறக்குங்கள். நல்ல காலில் எத்தனை, அடிபட்ட காலில் எத்தனை என்று நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். ஆரோக்கியமானவர்கள் 20, 25 வரை செய்வார்கள், வயது கூடினால் குறையும், ஆகவே உங்கள் நல்ல கால்தான் உங்களுக்கு அளவுகோல்.

ஒற்றைக் காலில் ஒன்றுகூட முடியவில்லை என்றால் இரண்டு காலில் தொடங்குங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி, பாதி உயரத்தில் 30 முதல் 45 விநாடி அப்படியே நில்லுங்கள். ஐந்து முறை. அசைவில்லாமல் தாங்கி நிற்பது பலருக்கு வலியையும் கொஞ்சம் அடக்கும். இது சுலபமானதும் இரண்டு காலில் ஏறி இறங்குங்கள், ஏற இரண்டு விநாடி, மேலே ஒரு விநாடி, இறங்க மூன்று விநாடி, 15 முறை வீதம் மூன்று சுற்று. அவசரப்பட்டு டக் டக்கென்று செய்தால் நாணின் ஸ்பிரிங் வேலை செய்துவிடும், சதை தப்பித்துக்கொள்ளும். நிதானம்தான் இதில் எல்லாமே.

அடுத்தது, இரண்டு காலில் ஏறி அடிபட்ட காலில் மட்டும் இறங்குவது. தசை நீண்டுகொண்டே எடை தாங்குவது இந்த இறங்கும் பகுதியில்தான், காயம் படுவதும் பெரும்பாலும் இப்படி நீளும் நேரத்தில்தான், அதனால் அந்த இடத்தில் பலம் வந்தே ஆக வேண்டும். இது 12 முறை முடிகிறது என்றால் ஒற்றைக் காலிலேயே ஏறி இறங்கலாம். 6, 8 என்று தொடங்கினாலும் பரவாயில்லை. 15 வந்துவிட்டால் வாசற்படியின் விளிம்பில் நின்று குதிகால் படிக்குக் கீழே இறங்கும்படி செய்யுங்கள். இந்த ஆழமான இறக்கம் எந்த நீட்டிப் பயிற்சியையும் விட நன்றாக நீட்டிவிடும், கூடவே பலமும் தரும்.

நான் தவறவிட்ட ஒரு விஷயம் இங்கே. ஆடுசதை ஒரு தசை அல்ல. மேலே உருண்டு தெரிவது முழங்காலைத் தாண்டிப் போகும் தசை, அதற்கு அடியில் சப்பையாக இன்னொன்று இருக்கிறது, அது முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். நடக்கும்போதும் மெதுவாக ஓடும்போதும் ஓயாமல் உழைப்பது இந்த அடித்தசைதான், மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும் இறுக்கம் பல சமயம் இங்கேதான் இருக்கும். முழங்காலை நீட்டி வைத்துச் செய்தால் மேல்தசைக்கு வேலை கூடும், மடக்கினால் அடித்தசைக்குப் போகும். அதற்கு நான் செய்தது இதுதான்: நாற்காலியில் உட்கார்ந்து, முன்பாதத்தை ஒரு தடித்த பலகையின் மேல் வைத்து, முழங்கால் மேல் மடித்த துண்டு போட்டு அதன் மேல் 10 கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவேன். 15 முறை, மூன்று சுற்று. முதல் நாள் எட்டாவதிலேயே சதை நடுங்கியது, இரண்டு வாரத்தில் மூட்டை போதாமல் போய்விட்டது, பிறகு முழங்காலைச் சற்று மடக்கி நின்றுகொண்டு செய்தேன்.

உடல் எடை சுலபமானதும் நிற்கும் பயிற்சிக்கும் எடை வேண்டும். ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை, முதுகுப் பையில் 5 கிலோ அரிசி, பிறகு 8, பிறகு 10. எடை வைத்துச் செய்வது வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தசைக்கு ஓய்வு நாளும் வேண்டும், பலம் ஏறுவது அப்போதுதான்.

வலித்தால் என்ன செய்வது? இதைத்தான் எல்லோரும் கேட்பார்கள். பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு மதிப்பெண் போடுங்கள். செய்யும்போது மூன்று, நான்கு வரைக்கும் இருந்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு உங்களுக்குச் சரி. மறுநாள் அந்த முதல் பத்து அடி வழக்கத்தை விட மோசமாக இருந்தால் நேற்று கூடிப்போய்விட்டது, ஒரு படி இறங்குங்கள். நிறுத்திவிடாதீர்கள், இறங்குங்கள். சுளீர் என்று குத்தும் வலி வந்தால் மட்டும் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

எனக்கு ஐந்தாவது வாரம் அப்படி ஒரு சறுக்கல் வந்தது. சொந்தக்காரர் கல்யாணம், காலையிலிருந்து மதியம் வரை பந்தியில் நின்று பரிமாறினேன், நன்றாகத்தான் இருந்தது, ராத்திரி ஆனதும் கால் இறுகிப்போய் படி இறங்க முடியவில்லை. மறுபடி கிழிந்துவிட்டதோ என்று பயந்துபோய் அந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு போன் செய்தேன். "வீக்கம் இருக்கா, ரத்தக்கட்டு இருக்கா, குதிகாலைத் தூக்க முடியுதா?" என்று கேட்டார். முதல் இரண்டும் இல்லை, தூக்க முடிந்தது. "அப்போ கிழியலை சார், ரொம்ப நேரம் நின்னதால எரிச்சல் ஆயிருக்கு, ரெண்டு நாள் இரண்டு கால்ல மட்டும் பண்ணுங்க" என்றார். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. நடுவில் இப்படிச் சில நாள் எல்லோருக்கும் வரும், முன்னேற்றத்தை நாள் கணக்கில் பார்க்காமல் வாரக் கணக்கில் பாருங்கள்.

நீவுவது, ஒத்தடம், மாத்திரை

நீவுவது தவறே இல்லை, சுகமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள். ஆனால் அது தரும் நிம்மதி நரம்புகள் கொஞ்சம் அடங்குவதால் வருவது. உள்தழும்பைக் கட்டைவிரலால் அழுத்திக் கரைத்துவிட முடியாது. வலியால் கத்தும் அளவுக்கு நீவினால்தான் குணமாகும் என்பதை நம்பாதீர்கள். காயம் பட்ட முதல் சில நாள் நீவவே வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். தொடையில் பலமாக அடிபட்டு ரத்தம் கட்டிய இடத்தை அழுத்தி நீவினால் அந்த ரத்தக்கட்டுக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும் அபாயம் உண்டு, சில வாரத்தில் கல் மாதிரி ஒரு கட்டி தெரியும், எக்ஸ்ரேயில் எலும்பாகவே காட்டும். முழங்கை காயத்திலும் இதே அபாயம் இருக்கிறது. கட்டுப் பிரித்த பிறகு நீளாத முழங்கையைப் பலவந்தமாக இழுத்து நீவிவிடுவதால் நிரந்தரமாக மடங்காமல் போவது நம் பக்கத்தில் எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விஷயம். முக்கியமாகக் குழந்தைகளுக்கு இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஒத்தடம் எனக்குப் பிடித்தது. கல் உப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து, பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் ஒற்றினால் கால் இளகி வேலைக்குத் தயாராக இருக்கும். சூட்டை முதலில் புறங்கையில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் ஒத்தடமே கொடுக்க வேண்டாம், சுட்டது தெரியாமல் கொப்புளம் போட்டுப் புண்ணாகிவிடும். மூன்று மாதம் கடந்த இறுக்கத்துக்கு ஐஸால் பெரிய பிரயோஜனம் இல்லை.

வலி மாத்திரைகளை நாமாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் சாப்பிடும் பழக்கம் ஆபத்து. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் வயிற்றில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் மோசம். வலி தாங்காத சில நாளுக்கு மருத்துவர் சொன்னபடி எடுத்துக்கொள்ளலாம், மேலே தடவும் ஜெல் வயிற்றுக்குப் பாதுகாப்பானது. மாதக்கணக்கில் நிற்கும் இறுக்கத்துக்கு மாத்திரையில் தீர்வு இல்லை.

சாப்பாட்டில் ஒன்றுதான் சொல்வேன், புரதம். 60 கிலோ எடை உள்ளவருக்கு, தசை தேறும் காலத்தில், ஒரு நாளைக்கு 70 கிராம் அளவு தேவைப்படும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் சுமார் 14 கிராம். மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்றே போனால் அந்த அளவை எட்டவே முடியாது. சுண்டல், முட்டை, மீன், தயிர், பருப்பு, ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். தூக்கமும் அப்படியே, சரியாகத் தூங்காத வாரங்களில் எனக்கு வலி கூடுதலாகவே இருந்தது.

மற்ற தசைகள்

தொடையின் பின்தசை கிழிந்து இறுக்கம் நிற்கிறது என்றாலும் வழி இதேதான், நீண்டுகொண்டே எடை தாங்கும் பயிற்சி. மல்லாந்து படுத்து, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவதில் தொடங்கி, குதிகாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி வைத்து, பிறகு ஒற்றைக் காலில் செய்ய வேண்டும். ஸ்வீடனில் தொழில்முறை கால்பந்து வீரர்கள் 75 பேரை வைத்துச் செய்த, 2013ல் வெளியான ஆய்வில், நீளும் பயிற்சி செய்தவர்கள் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள், வழக்கமான பயிற்சி செய்தவர்களுக்கு 51 நாள்.

தோள்பட்டை மட்டும் வேறு கதை. விழுந்து அடிபட்ட சில மாதத்தில் கையைத் தூக்கவும் முடியவில்லை, பின்னால் கொண்டுபோகவும் முடியவில்லை, வேறொருவர் தூக்கிவிட்டாலும் போகவில்லை என்றால் அது தசை அல்ல, மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போவது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது அதிகம் வரும். அதற்கு மருத்துவரைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

மூன்று, நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், வயதான அப்பா அம்மாவுக்கு இந்தச் சிக்கல் என்றால் விசாரித்துப் பாருங்கள்.

திரும்ப விளையாடப் போகும்போது

வலி இல்லை என்பது மட்டும் அனுமதிச்சீட்டு ஆகாது. நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது நல்ல காலில் பத்து என்றால் அடிபட்ட காலில் குறைந்தது ஒன்பது வர வேண்டும். குந்தி உட்கார்ந்து எழும்போது பின்னால் இழுக்கக் கூடாது. கயிறு தாண்டுவது போல இரண்டு காலில் 50 முறை, பிறகு ஒற்றைக் காலில் 20 முறை குதிக்க முடிய வேண்டும். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி, 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட முடிய வேண்டும். இதெல்லாம் முடிய எனக்குப் பன்னிரண்டு வாரம் ஆனது. ஆடுசதை மறுபடி கிழியும் பழக்கம் உள்ளது, அதிலும் திரும்பி வந்த முதல் சில வாரங்களில்.

கோர்ட்டுக்குப் போனதும் முதலில் பத்து நிமிடம் நடை, மெல்லோட்டம், பத்துப் பதினைந்து குதிகால் தூக்கல். ஆட்டம் போட வேண்டாம், ஒருவரோடு நின்று அடித்துப் பழகுங்கள், நெட்டுக்குப் பாய்வதை இரண்டாவது, மூன்றாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் 20 நிமிடம் போதும். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி அந்தப் பத்து அடி எப்படி இருக்கிறது என்று பாருங்கள், இறுக்கம் கூடவில்லை என்றால் ஒரு நாள் விட்டு அடுத்த முறை 25 நிமிடம். அரிசிப் பையைக் கீழே வைத்துவிடாதீர்கள், வாரம் இரண்டு நாள் இன்றைக்கும் நான் வாசற்படியில் ஏறி இறங்குகிறேன்.